நடுவில் குழி விழுந்த கேக்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிக் கட்டடம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதன் மூன்றாம் மாடியில் இருக்கிறார் அருந்ததி யோகநாதன். நல்ல மனுசி. வந்தவரைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பமாட்டார். யாரைப் பற்றியும் வாசலில் நின்று புறணி பேசமாட்டார், உள்ளே கூப்பிட்டு இருத்தி வைத்துத்தான் பேசுவார். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவர் சுடும் கேக் நடுவில் குழி விழும்.

கொஞ்சநஞ்சக் குழி இல்லை. மகள் மிதுனாவின் முதலாவது பிறந்தநாளுக்குச் சுட்ட கேக்கில், குழியை ஐசிங்கால் நிரப்பி மேலே மெழுகுதிரியைக் குத்தினார்கள். மெழுகுதிரி இறங்கிக்கொண்டே போய்த் திரிமட்டும் வெளியே நின்றது. அந்த மிதுனா வளர்ந்து, படித்து, கல்யாணம் கட்டி மெல்பேர்னுக்கும் போய்விட்டாள். குழி போகவில்லை. ஓரம் கருகும், நடு பச்சையாக இருக்கும், இரண்டுக்கும் இடையில் விரலளவு அகலத்துக்குக் கேக் என்று சொல்லக்கூடிய ஒரு பொருள் இருக்கும்.

அக்கறைக் குறைவு என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. மாஜரினை மாற்றினார், மாவை மாற்றினார், கேக் சுடும் அவன் அடுப்பையே மாற்றினார். கேக் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அருந்ததி அவ்விடத்தை விட்டு அசையமாட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, தட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து, விரலால் தொட்டு, நலம் விசாரித்து, திரும்ப உள்ளே தள்ளி மூடுவார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் இத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை. இவ்வளவு செய்தும் குழி விழுந்தால் மனுசி என்னதான் செய்வார்?

இதில் மோசமான விஷயம் என்னவென்றால், கேக் சரியில்லை என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. வெள்ளவத்தைத் தமிழர் ஒரு பொருளை வாயில் வைத்தவுடன் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். விழுங்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற விஷயம். பம்பலப்பிட்டியில் இருக்கும் யோகநாதனின் தமக்கை இந்திராணி மச்சாள் இன்னும் ஒரு படி மேலே போய், "நல்லா இருக்கு அருந்ததி, புட்டு மாதிரி மெத்தெண்டு இருக்கு" என்பார். இந்திராணி மச்சாளின் பட்டர் கேக் குடும்பம் முழுக்கப் பேர்போனது. நூல் பிடித்தது போல் தட்டையாக எழும்பி நிற்கும். புட்டு என்ற அந்த ஒரு சொல்லை அருந்ததி வருடக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்திருந்தார்.

கட்டடத்தில் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் கூட்டம் வைத்துப் போட்ட தீர்மானங்களை ஒருவரும் மதிப்பதில்லை. எழுதிவைக்காத இந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் மீறியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத்தோடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. தீபாவளிக்கு இங்கிருந்து போகும், பெருநாளைக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து வரும், நத்தாருக்குக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து இறங்கும். எல்லார் வீட்டிலும் எப்போதும் யாருடையதோ ஒரு தட்டு காத்துக்கொண்டிருக்கும். அதை நிரப்ப உடனே ஒன்றும் அகப்படாவிட்டால், வேறு வீட்டிலிருந்து வந்ததை எடுத்து வைத்து ஒரு கடதாசிப் பூவிரிப்பால் மூடி அனுப்பிவிடுவார்கள். குற்றமில்லை. எல்லாரும் செய்வதுதான்.

ஒரு தீபாவளிக்கு அருந்ததி ஒரு கேக் சுட்டு, குழியைச் சுற்றிக் கஜு முந்திரிப்பருப்பால் பூப்போட்டு, ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார். அனுப்புமுன் யோகநாதன் ஒரு கஜுவைப் பிடுங்கித் தின்றதால் பூவுக்கு ஒரு இதழ் குறைவு. சில நாள் கழித்து இரண்டாம் மாடியிலிருந்து, வேறொரு தட்டில், வேறொரு பூவிரிப்புக்குக் கீழே ஒரு கேக் வந்தது. திறந்தால், இதழ் குறைந்த அதே கஜுப் பூ. எத்தனை வீடு ஏறி இறங்கியதோ, ஒருவர்கூடக் கத்தி வைத்துப் பார்க்கவில்லை. அருந்ததி அதை வெட்டி மேசையில் வைத்தார். யோகநாதன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, இது ஆர் தந்தது, கேக் எண்டா இப்பிடி இருக்க வேணும் என்று பாராட்டினார்.

அன்றைக்கு அருந்ததி குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று அழுதார். பொய் சொன்ன அத்தனை வாய்களையும் நினைத்துக் கோபமும் வந்தது. ஒரே ஒரு ஆறுதல், அந்தக் கேக் சுற்றிய வீடுகளில் எதிர்வீட்டு லுத்பியாவின் வீடு இருந்திருக்காது.

லுத்பியாவும் அருந்ததியும் ஒரே மாடியில் எதிரெதிர் வாசல். அதைவிட முக்கியம், காற்றுக்காக விட்ட கிணறு போன்ற இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒரு குசினி யன்னலும் அந்தப் பக்கம் ஒரு குசினி யன்னலும். கையை நீட்டினால் கறிவேப்பிலை மாற்றலாம். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த பதியுதீனின் மனைவி லுத்பியா. கணவர் காலமான பிறகு மகள் வீட்டாரோடு அங்கேயே இருக்கிறார். அருந்ததியின் கேக் அந்த வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்தது. வேறு தட்டில் ஏறியதே இல்லை. லுத்பியாவும், மிகவும் நன்று என்ற பொருளில், "மிச்சம் நல்லம் அக்கா" என்றுதான் சொல்லுவார். ஆனாலும் தின்றுவிட்டுச் சொல்லும் பொய்க்கு ஒரு மரியாதை இருக்கத்தானே செய்கிறது.

இப்படி இருந்த காலத்தில்தான் மெல்பேர்னிலிருந்து மிதுனா வீடியோவில் கூப்பிட்டு, பேரனின் பிறந்தநாளுக்குச் செய்த கேக் பொப்பைக் காட்டினாள். குச்சியில் குத்திய உருண்டை, மேலே சொக்லேட், அதன் மேல் வண்ணச் சீனிமணிகள். எப்படிச் செய்தாய் என்று தாய் கேட்க, மகள் சொன்னாள். கேக்கைச் சுட்டு ஆறவிட்டு, கையால் தூள் தூளாக உதிர்த்து, கொஞ்சம் பட்டர் ஐசிங் போட்டுப் பிசைந்து உருட்டுவதாம்.

"சுட்ட கேக்கை உதிர்க்கிறதோ?" என்று கேட்டார் அருந்ததி. "வேணுமெண்டே?"

வேண்டுமென்றேதான். முழுக் கேக்காக அதை யாரும் பார்க்கப் போவதில்லை, எழும்பியதா அமர்ந்ததா என்று கேட்கப் போவதில்லை, நடு எது ஓரம் எது என்பதற்கு அங்கே இடமே இல்லை. உலகத்தில் இப்படி ஒரு பலகாரம் இருப்பதை இவ்வளவு காலமும் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அருந்ததிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போய்க் குச்சி வாங்கினார். வழக்கம்போல் கேக் சுட்டார், வழக்கம்போல் குழி விழுந்தது, முதல் தடவையாக அதைப் பார்த்துச் சிரித்தார். கருகிய ஓரத்தைச் செதுக்கி, பச்சை நடுவையும் காய்ந்த கரையையும் ஒன்றாக உதிர்த்தால், பசைக்குப் பசையும் தூளுக்குத் தூளும் சரியாக இருந்தது. உருட்டிக் குளிரவைத்து, குச்சியின் நுனியைச் சொக்லேட்டில் தோய்த்துக் குத்தி, முழுதாக முக்கி எடுத்தார். காயும்வரை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டுமே. யோகநாதன் திணைக்களமொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் வீசாதவர். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்த ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக் கட்டையை, தொலைக்காட்சியே பழுதாகிப் போன பிறகும், பத்திரமாகக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அதில் அளவுகோல் வைத்து வரிசையாகத் துளையிட்டுக் கொடுத்தார். இந்தக் குடும்பத்தின் வெற்றியில் தன் பங்கு அதுதான் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

வெற்றிதான். கட்டடமே திரண்டு வந்தது. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். கட்டடத்து வட்ஸ்அப் குழுவில், லிஃப்ட் எப்போது திருத்துவீர்கள் என்ற கேள்விகளுக்கு நடுவில் அருந்ததியின் கேக் பொப் படம் வந்தது. கேக் பொப் அன்ட்டி என்று பெயரும் வந்தது. பொப் போன தட்டுகள் நிரம்பித் திரும்பி வந்தன.

அங்கேதான் வில்லங்கம். எல்லாருக்கும் பொப் வேண்டும், ஒவ்வொரு தடவையும் கேக் சுட வேண்டும். பிரிட்ஜைத் திறந்தால் எல்லா வீட்டுக் கேக்கும் துண்டு துண்டாக ஐஸ்கிரீம் டப்பாக்களில் கிடக்கிறது. எப்படியும் உதிர்க்கப்போகும் கேக்கை யார் சுட்டால் என்ன? முதலில் தன் கேக்கோடு கொஞ்சம் கலந்தார். பிறகு பாதிக்குப் பாதி. பிறகு ஒரு முட்டைகூட உடைக்காமல், ஊரார் கேக்கை உதிர்த்து உருட்டி, சொக்லேட்டில் முக்கி, ஊராருக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். தாங்கள் சுட்டதைத் தாங்களே தின்றுவிட்டு, அன்ட்டியின் கைப்பக்குவம் ஆருக்கும் வராது என்று ஊரார் புகழ்ந்தார்கள். உதிர்க்கும் வேலை நடக்கும்போது லுத்பியாவின் யன்னல் மட்டும் உறுத்தியது. வெயில் கூடிப் போச்சு என்று சொல்லிக்கொண்டு, கிணற்றுப் பக்க யன்னலுக்கு ஒரு திரைச்சேலை தைத்துப் போட்டார். அந்தக் கிணற்றுக்குள் வெயில் விழுந்து யாரும் கண்டதில்லை.

ஒருநாள் இந்திராணி மச்சாள் வந்தார். போன கிழமை அவரே கொண்டுவந்து தந்த பட்டர் கேக், உருண்டையாகிக் குச்சியில் ஏறி அவர் கைக்கே போனது. மச்சாள் கடித்தார், மென்றார், கண்ணை மூடித் திறந்தார்.

"இது நீர் சுட்ட கேக்கோ அருந்ததி? இந்தப் பதம் எனக்கே வராது."

அருந்ததி தலையைக் குனிந்து, "ஓம் மச்சாள்" என்றார். அவர் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான ஒன்றை இதுவரை சாப்பிட்டதில்லை. புட்டுக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

தைப் பொங்கல் முடிந்த கையோடு லுத்பியா வந்தார். பேத்தி நிம்றா குர்ஆனை முழுதும் ஓதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் ஒரு துஆப் பிரார்த்தனை, சொந்தக்காரப் பெண்களும் கட்டடத்துப் பெண்களும் வருவார்கள். நிம்றாவுக்குக் கேக் பொப்தான் வேண்டுமாம்.

"கடையில வாங்கினா உள்ளுக்கு என்னத்த போட்டீக்கோ தெரியாது" என்றார் லுத்பியா. "நீங்க சுட்டதெண்டா கண்ண மூடிட்டு புள்ளைகளுக்கு குடுப்பேன்."

அருந்ததிக்கு நெஞ்சு ஒரு தடவை தடுக்கி விழுந்து எழும்பியது. மச்சாளிடம் பொய் சொல்லலாம், அது ஒரு விளையாட்டு. லுத்பியாவிடம் முடியாது. இந்தத் தடவை கலப்படம் இல்லை, என் கையால் சுட்ட கேக்தான், என்று மனதுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டார். வாயால், "நானே சுட்டுத் தாறன் லுத்பியா" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் சுட்டார். பயத்தில் இந்தத் தடவை இன்னும் கூடுதலாகக் கதவைத் திறந்து பார்த்தார். நடு அப்படியே கிடந்தது, கரண்டியால் அள்ளலாம். ஒரு பெரிய விருந்துக்கு உருட்ட அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை மூடி மேசையில் வைத்தார்.

வெள்ளி காலை பிரீசரைத் திறந்தார். இங்கே பேதுருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேதுரு நாலாம் மாடி, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். நத்தாருக்கு அவர் வீட்டில் இரண்டு கேக். ஒன்று ஒக்டோபரிலிருந்தே பழங்களைப் பிராண்டியில் ஊறப்போட்டு, சுட்ட பிறகும் மேலே ஊற்றி ஊற்றி வளர்ப்பது. மற்றது பேரீச்சம்பழக் கேக், ஒரு சொட்டு மது இல்லாதது. லுத்பியா வீட்டுக்கும், சைவக்காரர் என்று பேர் வாங்கிய அருந்ததி வீட்டுக்கும் அதுதான் வரும். இரண்டும் ஒரே கறுப்பு. பிரீசரில் ஒரு டப்பா நிறையக் கறுப்புக் கேக் இருந்தது. லுத்பியாவே சாப்பிடும் கேக், இதில் என்ன பிழை, என்று அருந்ததி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு உதிர்க்கத் தொடங்கினார்.

வேறு நாளாக இருந்தால் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் முட்டை சேர்ந்தது எதுவும் அருந்ததியின் வாய்க்குள் போகாது. கை படலாம், வாய் படக்கூடாது என்பது அவருடைய விரதத்தின் சட்டம். குளிரில் உறைந்த கேக்குக்கு மணமும் இல்லை, கிளம்பிய கொஞ்சத்தையும் உருகும் சொக்லேட் அமுக்கிவிட்டது. மத்தியானம், ரெஜிபோம் கட்டையைத் தன் ரோசாப்பூக் கரைபோட்ட பெரிய தட்டில் நிறுத்தி, பொப்புகளைக் குத்தி, தானே தூக்கிக்கொண்டு போய் லுத்பியாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

பின்னேரம் யோகநாதன் தூங்கி எழும்பி இருமினார். பிரீசரைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

"இஞ்ச ஒரு கறுப்பு டப்பா இருந்ததெல்லோ?"

பேதுருவின் பேரீச்சம்பழக் கேக்கா என்று அருந்ததி கேட்டார். அது பத்து நாளைக்கு முதலே முடிந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் இது என்ன? யோகநாதன் சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கோயில் தர்மகர்த்தா சபைக்குப் பெயர் கொடுத்திருக்கும் மனுசன் ஒருவாறு வாயைத் திறந்தார். பேதுரு நெஞ்சுச்சளிக்கு நல்லது என்று ஒரு பங்கு தந்தவராம். மருந்து மாதிரித்தானாம். தினமும் ஒரு துண்டுதானாம்.

பொப்புகளுக்குள் போனது அந்த டப்பாதான் என்று அருந்ததி சொன்னார். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்குப் பிராண்டியில் ஊறிய கேக். விஷயம் விளங்கியதும் யோகநாதனின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கணக்காளர் அல்லவா, உடனே நட்டத்தைக் குறைக்கும் வழி பார்த்தார்.

"சொக்லேட்டுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியவராது. நீர் சும்மா இரும். சொன்னாத்தான் பாவம்."

சொன்னால் என்னவாகும் என்று அருந்ததிக்குத் தெரியும். கேக் பொப் அன்ட்டி என்ற பேர் அந்த வாசலோடு போய்விடும். சொல்லாவிட்டால் என்னவாகும்? ஒன்றும் ஆகாது. லுத்பியா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அவ்வளவுதான். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு என்ற சொல்தான் அவரை வீட்டில் போட்டிருந்த சட்டையோடேயே வாசலைத் தாண்ட வைத்தது.

துஆ அப்போதுதான் முடிந்திருந்தது. அறை நிறையப் பெண்கள். வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்த நிம்றாவின் கையில் லுத்பியா முதலாவது பொப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அருந்ததி நேரே போய் அதைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கினார். வாசலுக்கும் மேசைக்கும் இடையில் அவர் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தார். அதுதான் முதலில் வந்தது. சொக்லேட் பழுதாகிப் போய்விட்டது, பிள்ளைகள் சாப்பிட வேண்டாம், என்றார்.

லுத்பியா சிரித்தார். "பழுதில்ல அக்கா. நான் முந்தியே ஒண்டு தின்னு பாத்தேன். மிச்சம் நல்லம்."

இதற்குப் பிறகும் பொய்யில் நிற்க ஒரு கல்நெஞ்சு வேண்டும். அருந்ததியிடம் அது இல்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார், எல்லார் முன்னாலும் சொன்னார். பேதுருவின் பிராண்டிக் கேக் மாறி வந்ததைச் சொன்னார். அதோடு நிறுத்த முடியாமல், தன் கேக் சரிவராததைச் சொன்னார், ஊரார் கேக்கை உதிர்த்ததைச் சொன்னார். கட்டடத்துப் பெண்களின் முகங்களில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. போன மாதம் தான் பாராட்டியது யாருடைய கேக், தன் கேக்கை யார் பாராட்டினார், தன் வீட்டுக்கு வந்த எந்தத் தட்டை எங்கே தள்ளினோம். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். இந்திராணி மச்சாளுக்கு இச்செய்தி ராச்சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரும் என்பது மட்டும் நிச்சயம்.

லுத்பியா எழும்பிக் குசினிக்குள் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தமும் வாய் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து அருந்ததியின் முன்னால் நின்றார்.

"தெரியாம தின்னத அல்லாஹ் மன்னிப்பான்" என்றார். "ஆனா நீங்க சுட்டதெண்டு சொல்லித் தந்தீங்களே அக்கா."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அருந்ததிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பொப்பெல்லாம் குப்பைப் பையில் போயின. வந்தவர்களுக்கு லுத்பியா அவித்த கருப்பட்டி வட்டிலப்பம் வந்தது. அருந்ததிக்கும் ஒரு கோப்பை நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வாசல் கேற்றுக் கம்பியில் ஒரு பை தொங்கியது. உள்ளே ரோசாப்பூக் கரைபோட்ட பெரிய தட்டு. கழுவித் துடைத்து, பளிச்சென்று, வெறுமையாக. அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு இப்படித் திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. பெருநாள் இல்லாத காலத்திலும், வீட்டில் ஒன்றும் இல்லாத நாளிலும், குறைந்தது இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் லுத்பியா அனுப்புவார். அருந்ததி அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மச்சாள் தொலைபேசியில் சொன்னதற்கெல்லாம் வராத அழுகை அது. மச்சாள் சொன்னது வேறு ஒன்றுமில்லை, தன் கேக்கின் பதத்தைத் தானே மெச்சியதில் தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்றுதான்.

கட்டடம் கேலி பண்ணியது, பிறகு லிஃப்ட் திரும்பவும் பழுதாகிப் பேச்சு அதற்கு மாறியது. யன்னல் திரைக்கு அப்பால் லுத்பியாவின் சட்டி சத்தம் கேட்கும், குரல் கேட்காது. அருந்ததி ஒரு கிழமை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. மாவை அரித்தார், முட்டை உடைத்தார், கேக் சுட்டார். வழக்கம்போல் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். திரையை விலக்கி வைத்திருந்தார், வெட்கப்பட இனி என்ன இருக்கிறது. கேக் வழக்கம்போல் குழி விழுந்தது. ஐசிங் போடவில்லை, கஜுப் பூப் போடவில்லை. குழி தெரியத் தெரிய அதே ரோசாப்பூத் தட்டில் வைத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

"இது நான் சுட்டது லுத்பியா" என்றார். "நடுவில குழி."

லுத்பியா தட்டை வாங்கவில்லை. வாசலில் நின்றபடியே விரலால் நடுவில் ஒரு விள்ளல் எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டார். அருந்ததி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லம் என்ற சொல் வரப்போகிறது, வந்தால் எல்லாம் முடிந்துவிடும், இனி ஆயுள் முழுக்க மரியாதையாக நடந்துகொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"நல்லா இல்ல அக்கா" என்றார் லுத்பியா. "உள்ளுக்கு பச்சமாவு."

அருந்ததி குனிந்து தட்டிலிருந்த குழியைப் பார்த்தார்.

"நீங்க அவன் அடுப்புட கதவ திறந்து திறந்து பாக்கிறீங்க. காத்து பட்டா கேக் இறங்கும்தானே. எங்கட யன்னலால நான் எத்தின வருசமா பாத்துட்டு ஈக்கிறேன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வலிக்குமெண்டு." லுத்பியா விரலைத் துடைத்துக்கொண்டார். "நீங்க மட்டும் எங்கட வட்டிலப்பத்துக்கு ஒரு நாளாவது கொற சொல்லியீக்கிறீங்களா?"

அருந்ததி கீழே பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு மெதுவாக, இனிப்பு கொஞ்சம் கூடத்தான் என்றார். லுத்பியாவின் முகம் சுருங்கியது. உண்மை யாருக்கும் சும்மா இறங்கிவிடுவதில்லை. பிறகு தட்டை வாங்கி, உள்ளே வரும்படி தலையை ஆட்டினார். அன்றைக்கு அந்தக் குசினியில் ஒரு புதுக் கேக் அவன் அடுப்புக்குள் போனது. கதவில் சாய்ந்துகொண்டு லுத்பியா காவல் நின்றார். அருந்ததி இரண்டு தடவை கையை நீட்டி, இரண்டு தடவையும் அடி வாங்கினார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது யோகநாதன் கதிரை நுனியில் காத்துக்கொண்டிருந்தார். லுத்பியா என்ன சொன்னா என்று கேட்டார்.

"நல்லா இல்லையாம்" என்றார் அருந்ததி.

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் மனைவியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை. அதைப் பார்த்து அவருக்கும் தைரியம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மையைச் சொன்னா, எனக்கும் அந்தக் கேக்…" என்று தொடங்கினார்.

"உங்களுக்குத் தந்த காலம் முடிஞ்சுது" என்றார் அருந்ததி. குசினிக்குள் போய், யன்னல் திரைச்சேலையைக் கழற்றி ஊறப்போட்டார்.